1948 ஃபோர்டு ‘உடி’: என்ஜின் இருக்கட்டும், மரத்தைப் பாருங்கள்

விற்பவர் முதலில் பானெட்டைத் திறந்து காட்டத்தான் அவசரப்படுவார். அதைப் பிறகு பார்க்கலாம். கதவின் அடிச்சட்டமும் தூணும் சேரும் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். மரம் அமுங்கினால் விலையே கேட்க வேண்டாம்.

நான் பார்த்தது ஃபோர்டு சூப்பர் டீலக்ஸ் ஸ்டேஷன் வேகன், 1948 மாடல். மரத்தில் கட்டிய இந்த வகைக் கார்களை அமெரிக்காவில் ‘உடி’ என்கிறார்கள். மூக்கும் மட்கார்டும் இரும்பு. முன்கண்ணாடிக்குப் பின்னால் கதவு, தூண், கூரைச் சட்டம் எல்லாமே மரம். சட்டத்துக்கு மேப்பிள், நடுவில் பிளைவுட் பலகை, கூரைமேல் இழுத்துப் போர்த்திய துணி. பிற்கால வேகன்களில் மரம்போல ஸ்டிக்கர் ஒட்டினார்களே, அந்தப் பாசாங்கு இதில் இல்லை. மிச்சிகனின் அயர்ன் மவுண்டனில் ஃபோர்டே காடும் மரமில்லும் வைத்திருந்தது. மிஞ்சிய துண்டுகளைக்கூட கரிக்கட்டியாக்கி விற்ற கெட்டிக்காரர்கள்!

பண்ருட்டி பக்கத்துத் திருவதிகைக்காரனான எனக்கு மர வண்டி புதிதில்லை. முப்புரம் எரிக்கச் சிவன் தேரேறியதாகச் சொல்லும் ஊர். வீரட்டானேசுவரர் கோயில் கருவறையே தேர் வடிவம். தேரோட்டத்துக்கு முன் அச்சையும் சக்கரத்தையும் தட்டிப் பார்க்கிற பழக்கத்தில் இந்தக் காரையும் தட்டிப் பார்த்தேன். இரு கை விரல்களைக் கோத்ததுபோல மூட்டுகள் பல்லுக்குள் பல்லாக இறங்கியிருந்தன. கதவடியில் மாற்றிய துண்டு சற்றே வெளிறித் தெரிந்தது. சாயம் பூசி அதை மறைக்காமல் விட்ட ஆசாரியை எனக்குப் பிடித்துவிட்டது.

ஓட்டம் சொகுசுதான். 3.9 லிட்டர் வி8, 100 குதிரைத்திறன், ஸ்டீயரிங் தண்டிலேயே மூன்று கியர். முதல் கியருக்கு வண்டி நின்றாக வேண்டும். ஓடும்போது போட்டால் பல் கடிக்கும். மூன்று வரிசையில் எட்டுப் பேர் உட்காரலாம். குழியில் இறங்கினால் தூண்கள் முனகும். அது வியாதி இல்லை, சுபாவம். ஆனால் 6 வோல்ட் ஹெட்லைட்டை நம்பி இரவில் கடலூர் சாலைக்குக் கிளம்ப மாட்டேன்.

நம் பக்கத்துக் கடல் காற்றும் ஐப்பசி மழையும் கரையானும் இதற்கு ஆகாது. மழையில் மரம் ஊதிக் கதவு அடைபடாது. வெயிலில் சுருங்கி மூட்டு வாய் பிளக்கும். வருஷா வருஷம் சுரண்டி வார்னிஷ் அடித்தே ஆக வேண்டும். பண்ருட்டியில் பலாமரத்துக்குப் பஞ்சமில்லை என்று அதில் ஒட்டுப் போட்டுவிடாதீர்கள். சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு சரிந்துவிடும்.

சட்ட விதிகளையும் பாருங்கள். இந்தியாவின் 2021 மோட்டார் வாகன விதிப்படி 50 வயது தாண்டிய கார்களைப் புதிதாகப் பதிந்தால் ‘விஏ’ எழுத்துள்ள தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது தவிர சாலையில் ஓட்டக்கூடாது. பாடியில் பெரிய மாற்றம் கூடாது என்றும் அதே விதி சொல்வதால், எந்த மரச்சட்டத்தை எந்த மரத்தால் மாற்றினார்கள் என்பதற்கான படங்களையும் பில்களையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மூடிய கொட்டகையும் பொறுமையான ஆசாரியும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அதே காலத்து இரும்பு செடான் போதும்.