நகையும் மனவடுவும்: வன்முறைக்குத் தப்பியோர் பற்றிய மூன்று நகைச்சுவைப் படைப்புகள்

துன்பத்தை நகைச்சுவையாக்கலாமா என்னும் வினா பழையது. அதற்குப் பொதுவாக இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. துயரைச் சிரிப்புக்குரியதாக்குவது துயருற்றோரை மீண்டுமொருமுறை இழிவுபடுத்துவதாகும் என்பர் ஒரு சாரார். சிரிப்பே சிறந்த மருந்து என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றுகளும் சிரிப்பைச் சமூக உறவுகளினின்றும் பிரித்தெடுத்து, எங்கும் எவர்க்கும் ஒரே பயனைத் தரும் பொருளாகக் கொள்கின்றன. யார், யாரைக் குறித்து, எவர் முன்னிலையிலே சிரிக்கின்றனர் என்பதை நோக்காதவரை இவ்விவாதம் முடிவின்றிச் சுழன்றுகொண்டேயிருக்கும். வன்முறைக்கு ஆளாகி உயிர்தப்பியோரை மையமாகக் கொண்டு 2015 ஆம் ஆண்டுக்கும் 2020 ஆம் ஆண்டுக்குமிடையில் ஆங்கிலத்தில் வெளிவந்த மூன்று படைப்புகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய முற்படுகிறோம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் அழுகையை அதனையடுத்தும் வைக்கின்றது. நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் கூறப்படுகின்றன. உரைகாரராகிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுப்பர். ஒருவர் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவர் தாமே சிரிப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது வகையே நமது ஆய்வுக்கு இன்றியமையாதது. எள்ளப்பட்டவர் ஏன் சிரிக்கின்றார்? அஞ்சியா, அடங்கியா, மீறியா? மேனாட்டாருள் பேர்க்சன் 1900 இல் வெளியிட்ட நூலிலே, சிரிப்பதற்கு இதயம் கணப்பொழுது மரத்துப்போதல் வேண்டும் எனக் கருதினார். பிராய்ட் 1927 இல் எழுதிய கட்டுரையிலே, திங்கட்கிழமை தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி வாரத்தின் நல்ல தொடக்கத்தைப் பற்றிப் பேசுவதை உதாரணங்காட்டி, துன்பத்தால் வீழ்த்தப்பட மறுக்கும் உள்ளத்தின் வெற்றியை நகைச்சுவையிற் கண்டார். எனினும் அந்தக் கைதி தூக்கிலிடப்படவே போகிறான். அவனது நகை கயிற்றை அறுப்பதில்லை. இவ்வெல்லையை மனங்கொண்டே மேற்செல்லுதல் வேண்டும்.

முதலாவது படைப்பு, ரினா ஃபேயும் றொபேட் கார்லொக்கும் உருவாக்கி, 2015 மார்ச் தொடக்கம் 2019 ஜனவரி வரை நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘அன்பிறேக்கபிள் கிம்மி ஷ்மிட்’ என்னும் தொடராகும். உலகம் அழிந்துவிட்டதெனக் கூறி நான்கு பெண்களைப் போதகன் ஒருவன் நிலவறையிலே அடைத்துவைத்திருக்கிறான். 15 ஆண்டுகளின் பின் மீட்கப்படும் கிம்மி, நியூயோர்க்கிலே தனது வாழ்வைத் தொடங்குகிறாள். இக்கதையின் கரு கொடூரமானது. நடையோ வண்ணமயமான கேலிக்கூத்து. ஆனால் சிரிப்பு எங்கே குறிவைக்கப்படுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். நிலவறையில் நிகழ்ந்த கொடுமை கேலிக்குரியதாக்கப்படுவதில்லை. மீட்கப்பட்ட பெண்களுக்கு அகழெலிப் பெயர் சூட்டி விற்பனைப்பண்டமாக்கும் செய்தி ஊடகங்களும், தன் வழக்கைத் தானே நடத்தி நீதிமன்றத்தையே மயக்கும் போதகனும், அவனது கவர்ச்சியிலே மெய்ம்மறக்கும் ஊராருமே எள்ளலுக்கு இலக்காகின்றனர். அவ்வகையில் எள்ளல் வலியோரை நோக்கித் திரும்பியுள்ளது.

எத்துன்பத்தையும் 10 வினாடிகள் பொறுத்துக்கொள்ளலாம், பின்னர் அடுத்த 10 வினாடிகளைத் தொடங்கலாம் என்பது கிம்மி நிலவறையிலே கற்ற பாடம். சிறையிருந்தோரின் அனுபவத்தை அறிந்தார் எவரும் இதன் உண்மையை மறுக்கார். எனினும் தாங்கும் ஆற்றலைத் தனிமனிதக் குணமாகப் போற்றுமிடத்து ஓர் ஆபத்து உண்டு. உடையாதவள் என்னும் பாராட்டு, உடையாதிருக்கக் கடவாய் என்னும் கட்டளையாக மாறிவிடலாம். உடைந்தோர் குற்றவாளிகளாகி, உடைத்த சமூகம் தப்பித்துக்கொள்ளும். இத்தொடரின் இரண்டாம் பருவம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. காதலனின் நெருக்கத்தை விரும்பும் வேளையிலேயே கிம்மியின் கை அவளையறியாமல் அவனைத் தாக்குகின்றது. உளச்சிகிச்சையாளர் ஒருவரின் துணையுடன் தனது கோபத்தை அவள் எதிர்கொள்ள நேர்கிறது. மாறாத புன்னகை, குணமடைந்தமையின் அடையாளமன்று என்பதை ஒரு கேலித்தொடரே கூறுவது கவனிக்கற்பாலது. அதேவேளை, அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெண்ணாகச் சித்திரிக்கப்பட்ட பாத்திரத்தை வெள்ளையின நடிகை ஏற்றமை அக்காலத்திலேயே கண்டனத்துக்குள்ளாயிற்று. ஒருவகை ஒடுக்குதலுக்கு எதிராகக் கூர்மையடைந்த நகை, மற்றொருவகை ஒடுக்குதலின்மீது மழுங்கியிருத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது படைப்பு, அவுஸ்திரேலிய நகைச்சுவையாளர் ஹனா காட்ஸ்பியின் ‘நனெற்’ என்னும் தனிமேடை நிகழ்வாகும். 2017 இல் மேடையேறி, மெல்பேண் நகைச்சுவை விழாவிலும் எடின்பரோவிலும் உயர் விருதுகள் பெற்று, சிட்னி ஒப்பெரா மண்டபத்திலே ஒளிப்பதிவாகி, 2018 ஜூனில் நெற்ஃபிளிக்ஸில் வெளியாயிற்று. காட்ஸ்பி பிறந்து வளர்ந்த ரஸ்மேனியா, ஆண்களின் ஒருபாலுறவைக் குற்றமாகக் கொண்ட சட்டத்தை 1997 வரை கைவிடாத மாநிலமாகும். தம்மையே எள்ளி மற்றவர்களைச் சிரிக்கவைத்துப் புகழ்பெற்ற காட்ஸ்பி, இந்நிகழ்விலே அத்தொழிலின் இலக்கணத்தையே விசாரணைக்கு உட்படுத்துகிறார். அவர் கூறும் வாதம் எளியது. நகைத்துணுக்குக்குத் தொடக்கமும் நடுவும் போதும்; கதைக்கு முடிவும் வேண்டும். நகைச்சுவையாளர் பார்வையாளரிடத்து இறுக்கத்தை உண்டாக்கி, பின்னர் அதனைத் தாமே தளர்த்துகிறார். விளிம்பிலே வைக்கப்பட்டவர் தம்மைத் தாமே எள்ளுவது அடக்கமாகாது, அவமானமேயாகும் என்பது அவரது முடிபு. பேராசிரியர் குறித்த இரண்டாவது எள்ளலின் விலை என்னவென்பதை, அதனைச் செலுத்தியவரே இங்கு கணக்கிட்டுக் கூறுகின்றார்.

இவ்வாதத்துக்கு ஆதாரமாக ஒரு நிகழ்ச்சியை அவர் இருமுறை சொல்கின்றார். பேருந்துத் தரிப்பிடத்திலே ஒருவன் காட்ஸ்பியை ஆண் எனக் கருதி, தன் காதலியை நாடியதாகச் சினந்து மிரட்டி, பெண் என அறிந்ததும் விலகிப் போகிறான். முதன்முறை கூறும்போது மண்டபம் சிரிக்கின்றது. நிகழ்வின் பிற்பகுதியிலே, துணுக்குக்காகத் தாம் வெட்டிவிட்ட முடிவை வெளிப்படுத்துகின்றார். அவன் திரும்பிவந்தான், அடித்து நொறுக்கினான், எவரும் தடுக்கவில்லை, தாம் பொலிஸாரிடமோ மருத்துவமனைக்கோ போகவுமில்லை. இம்முறை இறுக்கத்தைத் தளர்த்த அவர் மறுத்துவிடுகின்றார். அதனைப் பார்வையாளரே சுமந்துசெல்ல வேண்டியதாகிறது. சற்றுமுன் சிரித்தவர்கள் தமது சிரிப்பை மீள நினைந்து கூசுமாறு செய்யும் இவ்வமைப்பு, நகைச்சுவைக் கலையை முற்றாகக் கற்றவருக்கே இயலும். நகைச்சுவையைத் துறப்பதாக அறிவித்த காட்ஸ்பி, 2019 இல் ‘டக்ளஸ்’ என்னும் நிகழ்வுடன் மீண்டார். துறக்கப்பட்டது நகையன்று, தன்னை விற்கும் நகை என்றே இதனை விளங்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது, மிக்கேலா கோல் எழுதி, நடித்து, இணைந்து நெறிப்படுத்திய ‘ஐ மே டிஸ்ரோய் யூ’ என்னும் 12 பகுதித் தொடராகும். 2020 இல் பிபிசியிலும் எச்பிஓவிலும் ஒளிபரப்பாயிற்று. கோல் தமக்கு நேர்ந்த பாலியல் தாக்குதலை 2018 இல் எடின்பரோவில் ஆற்றிய விரிவுரையிலே பகிரங்கமாகக் கூறியவர். தொடரின் நாயகி அரபெல்லா லண்டனில் வாழும் இளம் எழுத்தாளர். மதுவிலே மயக்கமருந்து கலக்கப்பட்டுத் தாக்கப்பட்ட இரவை அவள் துண்டுதுண்டாகவே நினைவுகூர்கிறாள். அவளது நண்பன் குவாமேயும் தாக்குதலுக்கு உள்ளாகின்றான். ஆயின் அவனது முறைப்பாட்டைப் பெறும் பொலிஸ் அலுவலரின் சங்கடம், சட்டத்தின் காது எல்லார்க்கும் ஒரேயளவில் திறப்பதில்லை என்பதைக் காட்டுகின்றது. அக்காட்சியிலே நமக்குச் சிரிப்பு எழுகின்றது. எழுந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றும்விடுகின்றது.

இறுதிப் பகுதியிலே கோல் பல முடிவுகளை அடுத்தடுத்து நிகழ்த்திக் காட்டுகிறார். முதலாவதில் தாக்கியவன் பழிவாங்கப்பட்டுக் கொல்லப்படுகிறான். இரண்டாவதில் அவனே உடைந்து அழ, இரக்கம் பிறக்கின்றது. மூன்றாவதில் உறவின் அதிகாரநிலைகள் தலைகீழாகின்றன. அவள் போகச் சொன்னதும் அவன் போய்விடுகிறான். இறுதியில் அரபெல்லா அவனைத் தேடிச்செல்வதையே விட்டுவிட்டு வீட்டிலே தங்குகிறாள். இவற்றுள் எது உண்மை என்பது வினாவன்று. நிகழ்ந்ததை மாற்றமுடியாத ஒருத்தி, அதன் முடிவை எழுதும் உரிமையைக் கைப்பற்றுகிறாள் என்பதே பொருள். அவ்வுரிமை உவமையளவில் மட்டும் நின்றுவிடவில்லை. பதிப்புரிமையிற் பங்கு எதுவும் தரமறுத்த நெற்ஃபிளிக்ஸின் 10 இலட்சம் டொலர் ஒப்பந்தத்தைக் கோல் நிராகரித்தவர். தன் துயரின் கதை எவருக்குச் சொந்தம் என்னும் வினா, இவ்வாறு உற்பத்தி உறவு பற்றிய வினாவாகவும் அமைகின்றது.

மூன்று படைப்புகளையும் ஒருங்கு நோக்குமிடத்துச் சில அளவுகோல்கள் புலனாகின்றன. எள்ளல் தாக்கியவரையும் அவரைத் தாங்கிய அமைப்பையும் நோக்குகிறதா, தாக்கப்பட்டவரை நோக்குகிறதா? கதையின் முடிவு முழுமையாகச் சொல்லப்படுகிறதா, கேட்போரின் வசதிக்காக வெட்டப்படுகிறதா? சொல்பவருக்குத் தன் சொல்மீது உரிமை உண்டா? இவ்வினாக்களின்றி, நகைச்சுவை குணமாக்கும் என்றோ இழிவுபடுத்தும் என்றோ பொதுப்படக் கூறுவது விமர்சனமாகாது.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட நூலிலே, மீட்சியின் படிநிலைகளைப் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மீண்டும் பிறரோடு இணைதல் என வகுத்தார். நமது நாட்டிலே தயா சோமசுந்தரம் போரின் உளப்பாதிப்புகளை ஆராய்ந்து எழுதிய ‘மனவடு’ (1993), தனிமனித உள்ளத்துக்கு நேர்ந்த காயத்தைச் சமூகச் சூழலினின்றும் பிரித்துக் காணவியலாது என்பதைத் தமிழ் வாசகர் உணர வழிசெய்த நூலாகும். இவ்வறிவின் ஒளியிலே நோக்கின், நகைச்சுவை இரண்டாம் மூன்றாம் படிநிலைகளிலே துணைசெய்ய வல்லது. சொல்லவொண்ணாததைச் சொல்லும் வாயிலை அது திறக்கும். தனித்துவிடப்பட்டோரை ஒரு மண்டபத்திலே பிறரோடு கூட்டும். முதலாம் படிநிலையாகிய பாதுகாப்பை அதனால் வழங்கமுடியாது. அது சட்டத்தாலும், வாழ்வாதாரத்தாலும், தாக்குவோருக்கு இடங்கொடாத சமூகத்தாலுமே ஆகவேண்டிய கருமம். உயிர்தப்பியோரின் மீண்டெழும் ஆற்றலை மேடையிலே கைதட்டிப் பாராட்டும் சமூகம், அவ்வாற்றல் தேவைப்படாத வாழ்வை அவர்களுக்கு அளித்திருக்கவேண்டிய தனது கடமையை அக்கைதட்டலால் தீர்த்துக்கொள்ள முடியாது.