குவிவும் அரைப்பேரும்

இலங்கையின் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலையும் றப்பரும் அடுத்தடுத்த மலைகளில் நிற்கின்றன. கொழுந்து மலைக்குப் போகும் பெண்ணின் உழைப்பு தோட்டத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு ‘பேர்’ ஆக விழுகிறது. தோட்டம் கேட்ட கிலோ வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர். கேட்டதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு. இந்த முறையை நியாயம் என்பவர்களும் அநியாயம் என்பவர்களும் பெரும்பாலும் தொகையைப் பற்றித்தான் வாதிடுகிறார்கள். தொகையைவிட ஆழமான கோளாறு கணக்கின் வடிவத்தில் இருக்கிறது என்பது என் வாதம். அதைக் காட்டக் கணிதத்தின் இரண்டு கருத்துகள் போதும்: குவிவுச் சார்பு, குவாசிக் குவிவுச் சார்பு.

ஒரு சார்பில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், நடுப்புள்ளியின் மதிப்பு அந்த இரண்டின் மதிப்புகளுடைய சராசரியைத் தாண்டாவிட்டால் அது, நாம் இங்கு பார்க்கும் வகைகளுக்கு, குவிவுச் சார்பு. குவாசிக் குவிவு கேட்பது அதைவிடக் குறைவு: இடையிலுள்ள எந்த மதிப்பும் இரண்டு முனைகளில் பெரியதைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே குவிவானது எல்லாம் குவாசிக் குவிவும் ஆகும், மறுதலை உண்மையல்ல. ஏறிக்கொண்டே போகும் எந்தச் சார்பும், நடுவில் படிக்கட்டுபோல் துள்ளினாலும், குவாசிக் குவிவுதான். 1949இல் கணிதவியலாளர் புருனோ டி ஃபினெட்டி இந்த வகையை ஆராய்ந்தபோது அளவுகோலை நீட்டியோ சுருக்கியோ இவற்றையெல்லாம் குவிவாக்கிவிட முடியாது என்றும் கண்டார். 1961இல் பொருளியலாளர்கள் ஆரோவும் என்தோவனும் உச்சப்படுத்தல் கணக்குகளுக்கு இதன் இணைக் கருத்தான குவாசிக் குழிவையே அடித்தளமாக்கினார்கள். பொருளியலுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. எது பெரிது, எது சிறிது என்ற வரிசை தெரிந்தாலே போதும்; எவ்வளவு பெரிது என்று கேட்க வேண்டியதில்லை.

வரிசை மட்டும் போதுமான இடங்கள் இருக்கின்றன. 2016 மே மாதம் புளத்கொகுபிட்டிய களுபான தோட்டத்தில் மண்சரிந்து உயிர்கள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழை 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டுவதை வைத்து எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்துகிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறுவதா இல்லையா என்ற ஒற்றைத் தீர்மானத்துக்கு எல்லைக்கோடு பொருத்தமானது. சம்பளம் அப்படிப்பட்டதல்ல. அது நாளுக்கு நாள் கூட்டப்படுவது, கோளாறு தொடங்குவதும் அந்தக் கூட்டலில்தான்.

2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. தொகை பின்னர் ஏறினாலும் கணக்கின் வடிவம் அதுவேதான் என்பதால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். கேட்கும் அளவு 18 கிலோ, அரைப்பேர் 500 ரூபாய், மேலதிகக் கிலோவுக்கு 40 ரூபாய் என்று வைப்போம். இரண்டு நாளும் 18 கிலோ எடுத்தவருக்கு 2,000 ரூபாய். மழைக்குப் பிறகு ஒரு நாள் 24 கிலோவும், காய்ந்த மலையில் மறுநாள் 12 கிலோவும் எடுத்தவருக்கு 1,240உம் 500உமாக 1,740 ரூபாய். தராசில் ஏறிய கொழுந்து இருவருக்கும் 36 கிலோதான். ஒரு நாளைத் தனியே பார்த்தால், அதிகம் எடுத்தவருக்கு அதிகம்தானே கிடைக்கிறது என்று கணக்கு ஒழுங்காகத் தெரியும். குவிவுச் சார்புகளைக் கூட்டினால் குவிவு நிலைக்கும். குவாசிக் குவிவுக்கு அந்த உறுதி கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் சரியாகத் தெரிந்த கணக்கு மாத முடிவில் பிசகுகிறது. 260 ரூபாயை வெட்டியது அந்தப் பெண்ணின் கையல்ல, காலநிலை.

அளவு வைக்காவிட்டால் யார் குனிந்து கொழுந்து எடுப்பார்கள் என்று நிர்வாகம் கேட்கும். கேள்வி நியாயமானது, விலையும் உற்பத்திச் செலவும் தோட்டத்தை நெருக்குவது உண்மை. ஆனால் ஊக்கம் வேண்டுமென்றால் படிக்கட்டு அதற்கு உதவாது. 12 கிலோவில் நிற்பவர் இன்று 18ஐத் தொட முடியாது என்று கண்டுவிட்டால், 13ஆவது கிலோவுக்கு அவருக்கு ஒரு சதமும் இல்லை. மாறாக, மலைக்கு வந்ததற்கு 500, மீதி 500ஐ 18 கிலோவுக்கும் பகிர்ந்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 28, அதற்குமேல் 40 என்று வைத்துப் பாருங்கள். சரிவு ஏறிக்கொண்டே போவதால் இது குவிவு. அதே 24உம் 12உம் எடுத்தவருக்கு இப்போது ஏறக்குறைய 2,073 ரூபாய். ஒவ்வொரு கிலோவுக்கும் காசு உண்டு, ஒவ்வொரு கிலோவுக்கும் ஊக்கமும் உண்டு.

தொழிற்சங்கத் தரப்பின் மறுப்பு இதைவிடக் கனமானது: நாட்சம்பளம் என்பது அடிநிலை உத்தரவாதம், அதைக் கிலோவாகக் கரைக்கலாமா? கரைக்கக்கூடாது என்பதே என் நிலைப்பாடும். 1,000 ரூபாயை எல்லோருக்கும் உறுதிசெய்து 18க்கு மேல் கிலோவுக்கு 40 கொடுத்தாலும் அது குவிவுதான். அப்போது அந்த 36 கிலோவுக்கு 2,240 ரூபாய் வரும். எந்த அடிநிலை என்பது பேரம் பேசித் தீர்க்க வேண்டிய விடயம், அதைக் கணிதம் தீர்மானிக்காது. அடிநிலையே இல்லாத வெறும் கிலோக்காசும் குவிவுதான் என்பதையும் மறைக்கக்கூடாது. அதில் காய்ந்த மாதத்தின் சுமை முழுவதும் தொழிலாளி தலையில் விழும். குவிவு ஒன்றே நீதியாகிவிடாது.

நாளை விட்டு மாதக் கிலோவை மொத்தமாகக் கூட்டி ஒரே எல்லை வைக்கலாமே என்றும் சொல்வார்கள். கூட்டிய பிறகு ஏறுமுகச் சார்பைப் போடுவதால் குவாசிக் குவிவு கெடாது. மழை நாளின் கிலோ வெயில் நாளுக்கு ஈடுகட்டும். ஆனால் படிக்கட்டு ஒரே பெரிய செங்குத்தாகிவிடும். அப்படியொரு மாத எல்லை முன்பு இருந்தது: 2013 கூட்டு ஒப்பந்தத்தின் 620 ரூபாய் நாட்சம்பளத்தில் 140 ரூபாய் வரவுக் கொடுப்பனவு; வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தால்தான் அது கிடைத்தது. காய்ச்சலில் ஒரு நாள் தவறி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் மாதத்தில் வந்த எல்லா நாட்களுக்குமான அந்த 140 ரூபாயும் கைநழுவியது. 2016இல் அந்தக் கொடுப்பனவு 60 ரூபாயாகக் குறைந்து, 2019இல் நீங்கியது. ஆகவே அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் எத்தனை ரூபாய் என்று கேட்பதற்கு முன், 17ஆவது கிலோவிலிருந்து 18ஆவது கிலோவுக்குப் போகும்போது எத்தனை ரூபாய் துள்ளுகிறது என்று கேட்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில் அது 500 ரூபாய். அதற்கு அடுத்த கிலோவுக்கு 40.