புறக்காழும் அகக்காழும்: இரு சொற்களின் சமூக வேர்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இருபாற்படுத்துகின்றது. புறத்தே வயிரமுடையன புல்; அகத்தே வயிரமுடையன மரம். புறக்காழ், அகக்காழ் என்னும் இச்சொற்களைக் காட்டித் தமிழர் பண்டே தாவரவியல் கண்டனர் எனப் பெருமிதங்கொள்வோர் நம்மிடையே உளர். 1682இல் ஜோன் றே செய்த ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டை நம் இலக்கண நூலார் முன்னரே அறிந்திருந்தனர் என்பதே அவர்தம் வாதம்.

இவ்வாதம் சொல்லின் பொருளைத் தவறவிடுகின்றது. றேயின் பாகுபாடு வித்திலையை நோக்கியது. மரபியலின் பாகுபாடு தண்டின் வன்மையை நோக்கியது. பனை, தெங்கு, மூங்கில் முதலியவற்றில் இரண்டும் ஒத்துவருகின்றன. பனையிலே கலன்கட்டுகள் ஓரத்தில் நெருங்கி அமைவதால் வெளிப்புறம் வன்மை பெறுகின்றது; வேம்பு, தேக்கு போன்றவற்றில் மாறிழையம் ஆண்டுதோறும் புதிய கட்டையை வெளிப்புறமாகச் சேர்க்க, முதிர்ந்த நடுப்பகுதி வயிரமாகின்றது. ஆயினும், முடிவு ஒத்திருப்பதால் நோக்கும் ஒன்றே எனக் கொள்ளலாகாது.

காழ் என்பது வன்மை, வயிரம், வித்து எனப் பலபொருள் தருவது. தண்டின் வன்மை எங்குளது என்பதை அறியவேண்டிய தேவை யாருக்கு இருந்தது? நிழலில் ஒதுங்குபவனுக்குப் பனையும் மரமே. இன்றும் பனைமரம் என்பதே உலகவழக்கு. கோடரி எடுத்தவனுக்கே வேறுபாடு புலப்படும். பனையைப் பிளந்து, மெத்தென்ற உள்ளீட்டை நீக்கி, புறத்தையே சிலாகையாக்குகின்றான்; வேம்பிலோ புறத்தைச் செதுக்கியெறிந்து அகத்தைக் கொள்கின்றான். எனவே இச்சொற்கள் ஏட்டறிவிலன்றி உழைப்பனுபவத்திற் பிறந்தவை எனக் கொள்வதே பொருத்தமுடையது.

நூலாசிரியரும் இப்பாகுபாட்டைத் தமது கண்டுபிடிப்பாகக் கூறவில்லை. பிறர் மொழிவதாகவே கூறுகின்றார். அவ்வாறு மொழிந்தோர் முந்தைய புலவர் என்பது பண்டிதமரபு. அப்புலவருக்கு இவ்வறிவு யாரிடமிருந்து வந்தது என்ற வினாவை அம்மரபு எழுப்புவதில்லை.

இவ்விடத்து ஒன்று மனங்கொளத்தக்கது. இதே மரபியலே அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என நால்வகையினரை நிறுத்தி, அவரவர்க்குரியன இவையென விதிக்கின்றது. அப்பகுதி இடைச்செருகல் என்பாரும் உளர். எவ்வாறாயினும் இன்று நம் கைக்கு எட்டியுள்ள நூலிலே, அந்நால்வரிசையில் மரந்தடிவோனுக்கு இடமில்லை. அவனது அறிவுக்கு மட்டும் இடமுண்டு. நாம் நமதெனக் கொண்டாடும் பழம்பெருமையில் அவனது பங்கைக் கணக்கிடாத ஆய்வு, மரபியல் விதித்த அவ்வரிசையையே மீண்டும் ஒருமுறை எழுதுகின்றது.