விதானையார் என்றால் எந்த விதானையார்?

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய வாழ்வைச் சொல்லும் சிறுகதைகள் நம்மிடையே கணிசமாக வருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வாசிக்கும்போது ஒரு விடயம் என்னை உறுத்துகிறது. வன்னிமை, உடையார், விதானையார், மரைக்கார், காதியார் என்ற பதவிப் பெயர்கள் மண்வாசனைக்காகத் தூவப்படும் சொற்களாகிவிட்டன. அந்தப் பதவிக்குரிய அதிகாரத்தைக் கொடுத்தது யார், அது எதுவரை செல்லும் என்று எழுதுபவர் விசாரிப்பதில்லை.

விதானையாரையே எடுத்துக்கொள்வோம். பொலிஸ் விதானை வேறு, வட்டை விதானை வேறு. முன்னவர் ஆங்கில ஆட்சியின் ஊர்த் தலைமைக்காரர். களவு, அடிபிடி என்றால் அவரிடம்தான் ஓடவேண்டும். பின்னவர் வயற்காரர்களின் ஆள். வாய்க்கால் தண்ணீர், வேலி, வேளாண்மைக்குள் இறங்கிய மாடு எல்லாம் அவர் பாடு. வெறுமனே "விதானையார் வந்தார்" என்று எழுதினால், மாட்டுக்காக வந்தாரா மனிசனுக்காக வந்தாரா என்று எங்களூர் வாசகன் திகைப்பான். இன்னொருவர் 1950களில் நடக்கும் கதைக்குள் கிராம சேவகரைக் கொண்டுவருகிறார். அந்தப் பதவி 1963இல்தான் வந்தது. இது வெறும் ஆண்டுப் பிழையல்ல. விதானை ஊரிலே செல்வாக்குள்ள குடும்பத்து மனிதர். கிராம சேவகர் மாற்றலாகிப் போகக்கூடிய அரச ஊழியர். முன்னவருக்குப் பயப்படும் பயம் பின்னவரிடம் செல்லாது.

மரைக்கார் கதையும் இதுவே. தமிழகத்துக் கரையோரத்தில் மரைக்காயர் என்பது ஒரு சமூகப் பிரிவினரின் பெயர். நம் நாட்டில் பலருக்கு அது பெயரோடு ஒட்டிய வால். கிழக்கிலோ மரைக்கார் பள்ளிவாசலில் தன் குடிக்காக உட்காருபவர். குடி தாய்வழியாக வருவது. ஆக, சபையில் ஒரு பெண்ணும் இல்லாவிட்டாலும் அங்கே யார் எந்தக் குடிக்காகப் பேசுவது என்பதை உம்மாவின் வழிதான் தீர்மானிக்கிறது. இதை எழுத நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

எல்லாவற்றிலும் பாரதூரமானது காதி விடயம். நான் வாசித்த ஒரு கதை 1960களில் நடக்கிறது. புருஷன் கைவிட்ட ஒரு பெண் காதியாரிடம் போகிறாள். கதாசிரியர் அவரை ஓரிடத்தில் லெப்பை என்கிறார், ஓரிடத்தில் நீதவான் என்கிறார். லெப்பை நிக்காஹ் ஓதி வைக்கலாம். பஸஹ் கொடுக்க அவரால் முடியாது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி அது காதியின் அதிகாரம். அந்தக் காதி ஆணாகவே இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அவள் தன் கஷ்டத்தை ஆண்கள் முன்னிலையில்தான் சொல்லியாக வேண்டும். கதையில் இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

காதி நீதவானுமல்லர். தாபரிப்புப் பணம் இவ்வளவு என்று காதி கட்டளையிடலாம். புருஷன் கட்டாவிட்டால் அதை அறவிடுவது நீதவான் நீதிமன்றம். காதி வீட்டு விறாந்தையில் மாதக்கணக்காகக் காத்திருந்தவள், கட்டளை கிடைத்த பிறகும் பஸ் ஏறிப் பட்டினத்துக்குப் போய், வேறொரு வாசலில், தன்னை அறியாத கிளாக்கர்மாருக்கு முதலிலிருந்து சொல்லவேண்டும். கதை அந்த இரண்டு வாசல்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. நமது கதாசிரியரோ இருவரையும் ஒருவராக்கி, ஒரே பந்தியில் தீர்ப்பையும் பணத்தையும் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.