தனியே நின்ற சாட்சிகள்?

மேரி கொல்வின் பற்றிய ‘எ பிரைவேட் வோர்’ (2018, இயக்கம்: மத்தியூ ஹைன்மன்) படத்தை நம்மவர்கள் சிலர் ஒருவிதப் பெருமையோடு பார்த்தார்கள். வன்னி ஹொலிவூட்டில் வந்துவிட்டதாம். வந்தது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் வன்னி என்பது ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் இடது கண்ணை இழந்த இருட்டுக் காடு, அவ்வளவுதான். 2009 மே மாதத்தில் நடேசனும் புலித்தேவனும் சரணடைவது பற்றி அவரோடு தொலைபேசியில் பேசியதும், அவர் ஐ.நா.வின் விஜய் நம்பியாரை அழைத்ததும், பின்னர் அவ்விருவரும் கொல்லப்பட்டதும் படத்தில் இல்லை. இத்தனைக்கும் கொல்வினே அதை எழுதியிருக்கிறார். அவ்வேளையில் அவர் களத்தில் இல்லை, தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார். போர்முனைக்குள் தனியாக நுழையும் நிருபர் என்ற பிம்பத்துக்குத் தொலைபேசி அழகு சேர்க்காது என்று இயக்குநர் நினைத்திருக்கலாம்.

எனது பிரச்சினை இந்த ‘தனியாக’ என்ற சொல்லோடுதான்.

இச்சொல்லின் தொலைக்காட்சி வடிவம் நான் இப்போது பிழைக்கும் இந்த வளைகுடாவில்தான் வார்க்கப்பட்டது. 1991 ஜனவரி 17 அதிகாலை பாக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது சி.என்.என்னின் மூவர் அல்ரஷீட் ஹோட்டலிலிருந்து பேசினார்கள். சில நாட்களில் மற்றவர்கள் வெளியேற, பீற்றர் ஆர்னெட் தங்கினார். பாக்தாத்தில் தனித்து நின்ற மேற்கத்தைய நிருபர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. ஆனால் ‘எல் முண்டோ’ என்ற ஸ்பானியப் பத்திரிகையின் அல்போன்சோ றோகோவும் அங்கேதான் இருந்தார். அவரிடம் தொலைக்காட்சி இல்லை. ஆக, தனியாள் என்றால் செய்மதித் தொலைபேசி வைத்திருந்த தனியாள் என்றே பொருள்கொள்ள வேண்டும். அவர் அனுப்பியவை ஈராக்கிய தணிக்கையாளரின் பார்வையைத் தாண்டித்தான் வந்தன. அதற்காக அவற்றை ஒதுக்கிவிட முடியாது. அபூகுரைப் பால்மா தொழிற்சாலையையும், பெப்ரவரி 13இல் நானூறுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கருகிய அமிரியா பதுங்குகுழியையும் அவர் காட்டியிராவிட்டால், ‘துல்லியக் குண்டு’ என்ற வோஷிங்டன் கதையே வரலாறாகியிருக்கும். செனட்டர் அலன் சிம்சன் அவரை எதிரியின் அனுதாபி என்று ஏசியது சும்மா அல்ல.

நாங்கள் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தோம். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கித் தமிழோசை கேட்டோம். பாக்தாத்தின் பச்சை நிற வானத்தை நான் பார்த்தது பல வருடங்கள் கழித்துத்தான். எங்கள் தலைக்கு மேல் பறந்த குண்டுவீச்சு விமானங்களுக்கு எந்தச் சி.என்.என்னும் வரவில்லை. அதே காலத்தில் குவைத்தில் சிக்கியிருந்த பல்லாயிரம் இலங்கைப் பணிப்பெண்களிடமும் யாரும் ஒலிவாங்கியை நீட்டியதாக நான் காணவில்லை. பிற்பாடு ஐ.நா. இழப்பீட்டு ஆணைக்குழுவுக்கு அனுப்பிய விண்ணப்பப் படிவங்களில்தான் அவர்களுடைய சாட்சியம் பெரும்பாலும் கிடக்கிறது. படிவத்தை யார் படம் எடுப்பார்?

கொல்வினுக்குத் திரும்புகிறேன். 2001 ஏப்ரலில், அரசு செய்தியாளரைத் தடுத்திருந்த வன்னிக்குள் அவர் போனது பெரும் துணிவு, மறுக்கவில்லை. பட்டினியையும் மருந்துத் தடையையும் எழுதினார். ஆனால் புலிகள் அழைத்துச் சென்ற பாதையால்தான் போனார், அவர்களுடைய வழிகாட்டிகளோடுதான் திரும்பினார். திரும்பும்போது, தான் பத்திரிகையாளர், அமெரிக்கர் என்று இருட்டில் கத்தினார். கத்திய பின்னும் படையினர் கைக்குண்டு ஏவினார்கள். எனினும் காயத்தோடு பிடிபட்டபின் அந்த அடையாளமே அவரைக் கொழும்பு வைத்தியசாலைக்கும் பின் நியூயோர்க்குக்கும் கொண்டுபோனது. அதற்கு ஆறு மாதம் முன், 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனை ஜன்னலூடாகச் சுட்டார்கள். அவரும் பி.பி.சி.க்கு எழுதியவர்தான். அவர் எந்த நாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்க முடியும்?

இந்தக் கேள்வியை அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பிவிடக்கூடாது. ‘முறிந்த பனை’யை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21இல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்பது அவருடைய சகாக்களின் உறுதியான முடிவு. சொந்தத் தெருவில் நின்று கொண்டு எல்லாத் தரப்பையும் எழுதுவதுதான் உண்மையான தனிமை. வெளியிலிருந்து வருபவருக்குப் போக ஒரு ஊர் உண்டு.

என்னோடு அலுமினியப் பட்டறையில் நிற்கும் ஹோம்ஸ்காரர் ஒருவர் இப்படத்தை என்னோடு பார்த்தார். 2012 பெப்ரவரி 22இல் கொல்வினும் ரெமி ஒஷ்லிக்கும் இறந்த பாபா அம்ர் அவருக்குத் தெரிந்த இடம். நிருபர்கள் உள்ளே நுழைந்த அந்தக் குழாய் வழியால்தான் மருந்தும் வந்தது, காயப்பட்டவர்களும் போனார்கள் என்றார். பிறகு, அந்தத் தாக்குதலில் காயப்பட்ட மொழிபெயர்ப்பாளர் வாயேல் அல் ஒமரைப் பற்றி நெடுநேரம் பேசினார். கொல்வினைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மேற்கத்தைய நிருபர் வெறும் ஏகாதிபத்தியக் கண் என்று நமது நண்பர்கள் சிலர் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளரை வன்னியிலிருந்து வெளியேற்றியபின் என்ன நடந்தது என்று பாருங்கள். 2009 பெப்ரவரி 12இல் எறிகணையில் இறந்த பத்திரிகையாளர் புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி உள்ளே நின்று செய்தி அனுப்பினார். வரதராஜா, சண்முகராஜா, த. சத்தியமூர்த்தி முதலிய வைத்தியர்கள் இறந்தவர் தொகையைத் தொலைபேசியில் சொன்னார்கள். உலகம் அதை ‘உறுதிப்படுத்த முடியாத தகவல்’ என்று வாசித்தது. ஜூலையில் அதே வைத்தியர்களைக் காவலிலிருந்து கொழும்பில் பத்திரிகையாளர் முன் இருத்தி, தாங்கள் சொன்னது பொய் என்று சொல்ல வைத்தார்கள். மண்டபம் நிறைய நிருபர்கள் இருந்தார்கள்.