மூன்று புள்ளி எங்கே போனது? ஒரு ஃபார்முலா ஒன் சீசனை எப்படி ரசிப்பது

"ஒரே ரோட்டை எழுபது தடவை சுத்துறாங்க. இதுல என்ன இருக்கு சித்தப்பா?" என்று அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். நியாயமான கேள்வி. வார இதழில் வரும் தொடர்கதையின் பதினான்காம் அத்தியாயத்தை மட்டும் படித்தவருக்கும் அப்படித்தான் இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு, எதற்காக இந்தக் கோபம் என்று ஒன்றும் பிடிபடாது. கார் பந்தயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அத்தியாயம். கதை என்பது மாதக்கணக்கில் ஓடும் முழு சீசன்.

ஆகவே, ரசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முடிந்துபோன ஒரு சீசனை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். என் தேர்வு 2012. அந்த ஆண்டு 20 பந்தயங்கள். உலகப் பட்டம் வென்றிருந்த ஆறு பேர் ஒரே களத்தில் ஓட்டினார்கள்: ஷூமாக்கர், அலோன்சோ, ரைக்கோனன், ஹாமில்டன், பட்டன், வெட்டல். முதல் ஏழு பந்தயங்களை ஏழு வெவ்வேறு வீரர்கள் வென்றார்கள். கடைசியில் ரெட் புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல் 281 புள்ளிகள், ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ 278.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டேனே என்று வருந்த வேண்டாம். முடிவு தெரிந்தபின் பார்ப்பதில்தான் சுவை. எட்டு மாத ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சிய அந்த மூன்று புள்ளி எங்கே போனது என்று தேடிக்கொண்டே போங்கள். தேடும்போது பந்தயம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் ஒரு நோட்டு

இருபது வரி கொண்ட ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, பிறகு 18, 15, 12, 10, 8, 6, 4, 2, பத்தாம் இடத்துக்கு 1. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் வெட்டல், அலோன்சோ இருவரின் கணக்கையும் எழுதுங்கள்.

எழுத எழுத ஓர் ஆச்சரியம் தெரியும். வெட்டல் ஐந்து வெற்றி, ஹாமில்டன் நான்கு, அலோன்சோ மூன்று. ஆனாலும் ஜூலை இறுதியில் ஹங்கேரி பந்தயம் முடிந்தபோது அலோன்சோ 164 புள்ளியோடு மற்ற எல்லாரையும்விட 40 புள்ளி முன்னால் நின்றார். வெட்டலிடம் இருந்தவை 122. வேகமான கார் அலோன்சோவிடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டாம் இடத்தில் தொடங்கி ஐந்தாவதாக முடித்தார். சீனாவில் ஒன்பதாம் இடம், பஹ்ரைனில் ஏழாம் இடம். கிடைத்த இரண்டையும் ஆறையும் சிந்தாமல் சேர்த்தார். சிறுவாடு சேர்ப்பவரின் பொறுமை அது. வெற்றி மேடையை மட்டும் பார்க்கிறவர்கள் கண்ணில் இது படவே படாது.

சனிக்கிழமையைத் தவறவிடாதீர்கள்

ஞாயிறு பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதைச் சனிக்கிழமை நடக்கும் தகுதிச் சுற்று முடிவு செய்கிறது. மூன்று கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவானவர்கள் கழிகிறார்கள், கடைசிப் பத்துப் பேர் முன்வரிசைக்காக மோதுகிறார்கள். எரிபொருள் குறைவு, புது டயர், காலியான பாதை. ஒரு மனிதனும் ஓர் இயந்திரமும் எட்டக்கூடிய உச்ச வேகத்தைப் பார்க்கும் நேரம் அதுதான்.

அன்றைய சின்னத் தவறு மறுநாளைத் தலைகீழாக்கும். பார்சிலோனாவில் மிக வேகமாக ஓட்டியவர் ஹாமில்டன். ஆனால் காரில் போதிய பெட்ரோல் இல்லாததால் பாதையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சோதனைக்குக் குறிப்பிட்ட அளவு எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அவரைக் கடைசி இடத்துக்கு அனுப்பினார்கள். அதனால் முதலிடம் பெற்ற வெனிசுவேலாவின் பாஸ்டர் மால்டொனாடோ மறுநாள் பந்தயத்தையே வென்றார். வில்லியம்ஸ் அணிக்கு 2004க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.

இதே எரிபொருள் விதி நவம்பரில் அபுதாபியில் வெட்டலைப் பிடித்தது. அவருடைய அணி காரின் அமைப்பையே மாற்றி, கார்கள் டயர் மாற்ற வந்து போகும் பிட் பாதையிலிருந்து, அதாவது எல்லாருக்கும் பின்னாலிருந்து, கிளப்பியது. அவர் முடித்த இடம் மூன்று. நோட்டில் 15 என்று எழுதும்போது, அந்தப் பதினைந்தின் கனத்தை உணர்வீர்கள்.

டயரின் வயதைக் கேளுங்கள்

புதிதாகப் பார்க்கிறவர்கள் எப்போதும் கேட்பது "யார் முன்னால்?" அதோடு "யார் டயர் புதுசு?" என்றும் கேட்டுப் பழகுங்கள்.

அந்த ஆண்டு எல்லாக் கார்களுக்கும் பிரெல்லி டயர். வேண்டுமென்றே சீக்கிரம் தேயும்படி செய்தவை. மிருதுவான டயர் சாலையை இறுகப் பற்றும், விரைவில் தளர்ந்துவிடும். கடினமான டயர் நீடிக்கும், ஆனால் வேகம் குறைவு. டயரின் பக்கவாட்டில் உள்ள வண்ணப் பட்டையைப் பார்த்தால் வகை தெரியும். 2012இல் மிக மிருதுவானது சிவப்பு, அடுத்து மஞ்சள், வெள்ளை, வெள்ளி. இன்றைய பந்தயங்களில் சிவப்பு மிருது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். மழை இல்லாத நாளில் இரண்டு வகையையாவது பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், எல்லாரும் ஒரு முறையாவது பிட்டுக்குள் வந்தே தீர வேண்டும்.

டயர் மாற்றும் வேலை மூன்று நான்கு நொடியில் முடிந்துவிடும். ஆனால் பிட் பாதையில் வேகக் கட்டுப்பாடு உண்டு. அதனால் உள்ளே வந்து வெளியே போவதற்குள் இருபது நொடி அளவுக்கு இழப்பு. அந்த இருபது நொடியைப் புது டயர் ஈடுகட்டுமா என்பதே அணிகளின் தலைவலி.

இதைப் படிக்கச் சிறந்த பாடம் கனடா. எழுபது சுற்று. ஹாமில்டன் இரண்டாம் முறை டயர் மாற்றப் போனார். அலோன்சோவும் வெட்டலும் பழைய டயரிலேயே முடித்துவிடலாம் என்று வெளியே நின்றார்கள். கொஞ்ச நேரம் அவர்கள் செய்தது சரி என்றுதான் தோன்றும். பிறகு ஹாமில்டன் சுற்றுக்குச் சுற்று நெருங்கி, கடைசிப் பத்துச் சுற்றுக்குள் இருவரையும் தாண்டிப் போனார். வெட்டல் தவறை உணர்ந்து தாமதமாகவேனும் உள்ளே வந்து புது டயரோடு நான்காவதாக முடித்தார். தேய்ந்த டயரோடு தாக்குப்பிடித்த அலோன்சோ, ஒருவர் பின் ஒருவராகத் தாண்டிச் செல்ல, ஐந்தாம் இடத்தில் முடித்தார். வெட்டலுக்கு 12, அலோன்சோவுக்கு 10. இரண்டு புள்ளி கண்டுபிடித்தாயிற்று.

இடைவெளியைப் படிப்பது

திரையின் ஓரத்தில் பெயர்களுக்கு எதிரே ஓடும் நொடிக் கணக்குதான் பந்தயத்தின் நாடித்துடிப்பு. 4.2, 3.8, 3.1 என்று குறைந்துகொண்டே வந்தால், இன்னும் சில சுற்றில் ஒரு மோதல் காத்திருக்கிறது என்று பொருள்.

நெருங்குவது ஒரு வேலை, தாண்டுவது வேறு வேலை. இந்தக் கார்கள் காற்றைக் கொண்டு தங்களைச் சாலையோடு அழுத்திக்கொள்கின்றன. முன்னால் போகும் கார் கலக்கிவிட்ட காற்றுக்குள் நுழைந்தால் அந்த அழுத்தம் குறையும், வளைவில் கார் வழுக்கும், டயர் சூடாகித் தேயும். இதைச் சமன்செய்யவே 2011இல் பின் இறக்கையைத் திறக்கும் வசதி வந்தது. குறித்த இடத்தில் ஒரு நொடிக்குள் நெருங்கியிருந்தால், நேர்பாதையில் துரத்துபவர் தன் பின் இறக்கையைத் திறந்து கூடுதல் வேகம் எடுக்கலாம் என்பது 2012இல் இருந்த விதி. ஆகவே 1.0 என்ற எண்ணின் மேல் கண் வையுங்கள்.

பாதையில் தாண்ட முடியாதவர்கள் பிட்டில் தாண்டுவார்கள். எதிராளிக்கு முன்பே உள்ளே வந்து, புது டயரில் ஒன்றிரண்டு சுற்று பறந்துவிட்டால், அவர் டயர் மாற்றி வெளியே வரும்போது நீங்கள் முன்னால் இருப்பீர்கள். பார்சிலோனாவில் தொடக்கத்திலேயே மால்டொனாடோவை முந்திவிட்ட அலோன்சோ முதலிடத்தை இழந்தது இப்படித்தான். இரண்டு சுற்று முன்னதாக உள்ளே வந்தார் மால்டொனாடோ. அலோன்சோவுக்குப் பின்தங்கிய ஒரு கார் வழிவிடத் தாமதித்ததும் சேர்ந்துகொண்டது. 25க்குப் பதில் 18.

கடைசி வரிசையையும் பாருங்கள்

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் தெரிந்த முகம் ஒன்று உண்டு. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், 2012இல் எச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் நாட்டு அணியில் இருந்தார். களத்திலேயே பின்தங்கிய கார். முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவில் அதன் இரண்டு கார்களுமே தகுதி நேரத்தை எட்டாமல் வீட்டுக்குத் திரும்பின.

அடுத்த வாரம் மலேசியாவின் செபாங். நாராயணின் அணி முன்யோசனையோடு முழு மழைக்கான டயரில் கிளப்பியிருந்தது. அடைமழை கொட்டியது; பந்தயத்தை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் நாராயண் இருந்த இடம் பத்து. அந்தக் காரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, முந்தைய வாரத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் நான்காவதாக வந்த வெட்டல், பின்தங்கியிருந்த நாராயணைக் கடந்து செல்லும்போது இரண்டு கார்களும் உரசின. ஒற்றை இருக்கைக் கார்களில் சக்கரங்கள் மூடியில்லாமல் வெளியே நிற்கும். இறக்கை நுனி பட்டாலே டயர் கிழியும். வெட்டலின் பின் டயர் கிழிந்தது. அவர் பதினொன்றாவதாக முடித்தார். 12 புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம். வெட்டல் கோபத்தில் கடுமையாகப் பேசினார். நடுவர்கள் நாராயணுக்கு நேரத் தண்டனை விதித்தார்கள்.

யார்மீது தவறு என்று வாதாடுவதைவிட வேறொன்றைக் கவனியுங்கள். பின்தங்கியவர் வழிவிட வேண்டும் என்று நீலக் கொடி காட்டுவார்கள். ஈரத் தரையில் காய்ந்த தடத்தை விட்டு விலகினால் பிடிமானம் போய்விடும். தன் காரையும் காத்து, வேகமாக வருகிறவருக்கும் இடம் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் நீர்ப்புகைக்குள் யார் வருகிறார்கள் என்று அறிந்து ஓட்டுவது முன்வரிசை வேலையைவிட எளிதல்ல. உலகப் பட்டத்தின் கணக்கு கடைசி வரிசையையும் தொட்டுச் செல்கிறது. அதனால்தான் நான் எப்போதும் ஒரு கண்ணை அங்கே வைக்கச் சொல்கிறேன்.

பூஜ்ஜியங்களை வட்டமிடுங்கள்

நோட்டில் பூஜ்ஜியம் விழுந்த இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வெட்டலுக்கு மூன்று: மலேசியா, பிறகு வலென்சியா, மோன்சா. பின்னிரண்டிலும் காரின் மின்னாக்கி கைவிட்டது. வலென்சியாவில் அவர் முன்னிலையில் இருந்தபோது நடந்தது. பதினொன்றாம் இடத்தில் கிளம்பிய அலோன்சோ, சொந்த நாட்டு மக்கள் முன்னால் வென்றார். அந்த ஒரு பந்தயத்தை முழுதாகப் பாருங்கள்.

அலோன்சோவுக்கு இரண்டு. பெல்ஜியத்தில் கிளம்பிய சில நொடிகளில், பின்னால் நடந்த மோதலில் குரோஜான் என்ற வீரரின் கார் எகிறி அலோன்சோவின் காக்பிட்டுக்கு முன்னால் பறந்து போனது. உயிர் தப்பியதே பெரிது. குரோஜானுக்கு ஒரு பந்தயத் தடை. ஜப்பானில் முதல் வளைவுக்கு முன்பே ரைக்கோனனின் கார் உரசி டயர் கிழிந்தது. மற்ற 18 பந்தயங்களிலும் அலோன்சோ புள்ளி எடுத்தார். ஆனால் சிங்கப்பூரில் தொடங்கி இந்தியா வரை வெட்டல் தொடர்ந்து நான்கு வெற்றி பெற்றார். ஹங்கேரியில் இருந்த 42 புள்ளி இடைவெளி கரைந்து, எதிர்ப்பக்கம் ஏறத் தொடங்கியது.

கடைசி ஞாயிறு

நவம்பர் 25, பிரேசிலின் இன்டர்லாகோஸ். வெட்டல் 273, அலோன்சோ 260. மழை வருவதும் போவதுமாக இருந்தது. முதல் சுற்றின் நான்காம் வளைவில் புரூனோ சென்னாவின் கார் மோதி, வெட்டல் சுழன்று எதிர்த்திசையைப் பார்த்து நின்றார். மற்றக் கார்கள் அவரை நோக்கியே வந்தன. தப்பினார், ஆனால் கடைசி இடம், அடிபட்ட கார்.

இங்கிருந்து நோட்டும் பென்சிலுமாக உட்காருங்கள். அலோன்சோ இரண்டாவதாக முடித்தால் வெட்டலுக்கு ஏழாம் இடமாவது வேண்டும். எட்டு என்றால் பட்டம் போச்சு. எழுபத்தோரு சுற்றும் இந்தக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். முன்னிலைக்காக மோதிய ஹாமில்டனும் ஹூல்கன்பெர்க்கும் இடித்துக்கொண்டார்கள். பட்டன் முன்னால் போனார், அலோன்சோ இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தார். வெட்டல் ஒவ்வொருவராகத் தாண்டி ஏறினார். தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஷூமாக்கர் அவரைத் தடுக்காமல் ஆறாம் இடத்தை விட்டுக்கொடுத்தார். நாராயணுக்கும் ஃபார்முலா ஒன்னில் அதுவே கடைசிப் பந்தயம்.

எல்லா இருபதையும் பார்க்க நேரமில்லாதவர்கள் மலேசியா, பார்சிலோனா, கனடா, வலென்சியா, அபுதாபி, பிரேசில் ஆகிய ஆறைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றின் முடிவுகளை நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டால் போதும். அதன்பின், நடந்துகொண்டிருக்கும் சீசனுக்கும் இதே நோட்டைத் திறந்துவிடலாம்.

பிரேசில் பந்தயம் முடிந்தபின் ஒரு காட்சி வரும். வென்ற பட்டன் மகிழ்ச்சியில் இருக்கிறார். சற்றுத் தள்ளி அலோன்சோ தன் காரை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், எங்கோ வெறித்துப் பார்த்தபடி நிற்கிறார். முகமூடி இடுக்கில் கண்கள் மட்டும் தெரிகின்றன. அந்தப் பந்தயத்தை மட்டும் பார்த்தவருக்கு, இரண்டாவதாக வந்த ஒரு மனிதர் களைத்து நிற்கிறார். இருபது வரியையும் எழுதி முடித்தவருக்கு, பார்சிலோனாவின் அந்த இரண்டு சுற்றும், கனடாவின் தேய்ந்த டயரும், ஜப்பானின் முதல் வளைவும் அந்தக் கண்களில் தெரியும்.