சொல் முந்தி, குற்றம் பிந்தி

த. செ. ஞானவேல் இயக்கி 2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் சிறைவாசலில் தொடங்குகிறது. விடுதலையாகி வருவோரிடம் சாதி கேட்கின்றனர். சிலர் வீட்டிற்கு அனுப்பப்படுகின்றனர். இருளர் போன்றோர் ஓரமாக நிறுத்தப்பட்டு, துப்புத் துலங்காத வழக்குகளுக்கு ஆளாகக் கொண்டு செல்லப்படுகின்றனர். ஒலக்கூர், திண்டிவனம் வட்டார வாசகர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. 1871-இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நாடெங்கும் ஒழிந்தது. அது பழக்கிய சொல்லோ ஒழியவில்லை.

படத்தில் நம்மை மிகவும் கவர்ந்தது வழக்கறிஞரின் வாதமன்று. காவல்துறை நீட்டும் பணத்தைச் செங்கேணி மறுக்கும் இடம். ‘உதவி’ என்னும் பெயரில் வருவது வாயடைக்கும் விலை என்பதை எழுத்தறியாத அப்பெண் கண்டுகொள்கிறாள். குறையும் உண்டு. 1993-இல் காவலில் இறந்த இராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக்கிவிட்டது. ஒருவர் துயரை மற்றவர் பெயரில் எழுதினாலும் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை என்பதே வருத்தம். மேலும், படத்தில் இருளர் அழும் நேரம் மிகுதி, பேசும் நேரம் குறைவு.

திரைக்கு வெளியிலும் இச்சொல்லாட்சியே. ஏரிப் புறம்போக்கில் குடிசையிட்டவர் கோப்பில் ‘ஆக்கிரமிப்பாளர்’. (புறம்போக்கு என்பதே நம் ஊர்களில் வசைச்சொல்லாகிவிட்டது!) வெள்ளையர் சென்றடைந்த நாடுகளின் மண்ணின் மைந்தரையும் இவ்வாறே நிலத்திற்கு உரிமையற்றவராக்கினர், அதற்குத் துணைநின்ற ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது 2023 மார்ச் 30-இல்தான். பதினைந்தாம் நூற்றாண்டுத் திருத்தந்தையரின் ஆணைமடல்கள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டதால், இது நம் வீட்டுச் செய்தியுமாகும்.

தமிழகத்தில் பழங்குடியினர்க்கு உள்ள இடஒதுக்கீடு 1 விழுக்காடு. மேடைகளில் அதன் பெயர் ‘சலுகை’. பாட்டன் விட்டுச்சென்ற நஞ்சையும் கிணறும், ஊரில் தலைநிமிர்ந்து நடக்கும் வசதியும் பெற்றவர் கல்லூரிக்குச் சென்றால் அது ‘தகுதி’. அந்த ஒரு விழுக்காட்டின் வாசலை அடையவே சாதிச் சான்று வேண்டும். அதற்காகக் கூலியை இழந்து, திண்டிவனத்திற்குப் பேருந்தேறி, சார் ஆட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கும் இருளர் தந்தையிடம், தாம் இருளர்தாம் என்பதற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. சிறைவாசலில் அவர் வாய்ச்சொல்லே போதுமானதாயிருந்தது.